என் பசுவைக் கறந்தவள்

நோலாரி என் பசுவின் பாலைத் திருடுகிறாள் என்று சொன்னது நான்தான். வேலிக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன். அதனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நானே சொல்வதுதான் நியாயம்.

என் கணவர் பர்சலோய்க்கு நோலாரி மூத்த மனைவி. நான் இளையவள், பெயர் செமெயான். எங்கள் முள்வேலிக்குள் மூன்று குடிசைகள். வாசலுக்கு வலப்பக்கம் இருப்பது நோலாரி கட்டியது, இடப்பக்கம் இருப்பது நான் கட்டியது. சற்றுத் தள்ளி இருப்பது என் கணவரின் அண்ணன் மோயின்கெட்டின் மனைவி கட்டியது. நான் மணப்பெண்ணாக வந்த அன்று, உள்ளே நுழையக் கூச்சப்பட்டு வேலி வாசலிலேயே நின்றுவிட்டேன். நோலாரி ஒரு கிடாரிக் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்து கயிற்றை என் கையில் கொடுத்தாள். கன்று கொடுத்தவளும் வாங்கியவளும் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. இருவருமே இருவருக்கும் 'பாஷே'தான். அந்தக் கன்றால் உறவானவள் என்று அர்த்தம். ஒன்பது வருடமாக நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். சக்களத்திகள் என்றால் தினம் சண்டை என்று நினைப்பவர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

அந்த வருடம் பெரிய மழையும் பொய்த்தது, சின்ன மழையும் பொய்த்தது. பர்சலோய் மந்தையை ஓட்டிக்கொண்டு மலைக்கு அப்பால் போய்விட்டார். போகும்போது கறவையில் இருந்த நான்கு பசுக்களை மட்டும் வீட்டில் விட்டுப்போனார். இரண்டு நோலாரிக்கு, இரண்டு எனக்கு. நான்கையும் சேர்த்துக் கறந்தாலும் ஒரு சுரைக்குடுக்கை நிறையாது. என் மகள் சிலான்தோய்க்கு மூன்று வயது. அவள் வயிறு அந்தப் பாலை நம்பித்தான் இருந்தது.

என் இரண்டு பசுக்களில் ஒன்று செவலை. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. அதனால் அதன் பெயரே சுட்டி. அதன் கன்றுக்கும் அதே போல நெற்றியில் வெள்ளை. நோலாரியிடமும் ஒரு செவலைப் பசு உண்டு. அதற்கும் கன்றுக்கும் எந்த வெள்ளையும் கிடையாது. விடிவதற்கு முன் கன்றுப் பட்டியைத் திறந்து கன்றை அவிழ்த்துவிட்டால் அது தன் தாயிடம் ஓடும். முட்டி முட்டிக் குடிக்கும். பசு பால் இறக்கியதும் கன்றை ஒரு பக்கம் விட்டுவிட்டு மறுபக்கக் காம்புகளில் நாம் கறந்துகொள்வோம்.

ஒருநாள் சுட்டியின் மடி வற்றிக் கிடந்தது. புல் இல்லை, பால் எங்கிருந்து வரும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கொஞ்சம் சீக்கிரமாக எழுந்து வெளியே வந்தேன். வானம் அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. சுட்டியின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து நோலாரி கறந்துகொண்டிருந்தாள்.

"ஏய்! அது யாரு மாடு?"

அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. கை தானாக எழுந்து பசுவின் நெற்றியைத் தடவியது. பிறகு மெதுவாக எழுந்து நின்றாள்.

"கறந்துட்டேன். இப்ப என்ன?"

"என்னவா? எம் புள்ள வாயில இருக்கிறதைப் புடுங்கித் தின்னுட்டு என்னங்கிறியா? உனக்குன்னு ரெண்டு மாடு இருக்கில்ல?"

"கத்தாதே. பால் குடுக்கையில இருக்கு. எடுத்துக்கோ."

"பிச்சை போடுறியா எனக்கு? மூணு நாளா கறந்திருக்கே. திருடி!"

அந்த வார்த்தை அதற்கு முன் எங்கள் வேலிக்குள் கேட்டதில்லை. மோயின்கெட்டின் மனைவி பாதி கறந்த பாலோடு எட்டிப் பார்த்தாள். நோலாரி குடுக்கையை என் காலடியில் வைத்துவிட்டுத் தன் குடிசைக்குள் குனிந்து போய்விட்டாள்.

கணவர் இல்லாத நேரத்தில் எதுவானாலும் தீர்த்து வைப்பது மோயின்கெட்தான். அவர் மூக்குப்பொடி எடுத்துத் தும்மி முடிக்கும்வரை இருவரும் எதிரே நின்றோம்.

"கறந்தியா, இல்லியா?" என்று நோலாரியைக் கேட்டார்.

"கறந்தேன்."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லப்போறதில்லையா?"

"இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதாவது சாக்குச் சொன்னால் திட்டிவிட்டு விட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. அவள் கல் மாதிரி நின்றாள். "ஒரு செம்மறிக் கிடா இவளுக்குக் குடுத்துடு" என்று சொல்லி எழுந்து போனார்.

நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் அதில் ஒரு ருசியும் இல்லை. அதன் பிறகு அவள் என்னை பாஷே என்று கூப்பிடவில்லை. செமெயான் என்றும் கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை.

ஐந்து நாளாகியும் கிடா வரவில்லை. ஆறாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கேட்டே வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். அவள் குடிசைக்குள் இல்லை. பின்பக்கம் போனேன். கிழக்கே பார்த்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உடைந்த கண்ணாடித் துண்டு. கையில் முள் எடுக்கிற முள்வாங்கி. அதைக் கண்ணருகே கொண்டுபோய் எதையோ பிடித்து இழுத்தாள். வந்தது முடி இல்லை, தோல். கன்னத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

கிடாயைப் பற்றி நான் பேசவே இல்லை.

"என்ன பண்ணுறே?"

அவள் முள்வாங்கியை மடிக்குள் மறைத்தாள். பிறகு மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து வெளியே எடுத்தாள்.

"பாத்துட்டேல்ல? போ. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

நான் அவள் முன்னால் குந்தி, தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இரண்டு கண்ணும் இறைச்சி மாதிரி சிவந்திருந்தன. மேலிமை உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தது. இமை முடி ஒவ்வொன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது போய், உள்ளே திரும்பிக் கண்விழியைக் குத்திக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அத்தனை முடியும் விழிமேல் உரசியது. எதிர்க் குடிசையில் இருந்துகொண்டு நான் இதைப் பார்த்ததே இல்லை. புகை என்று நினைத்திருக்கிறேன். எங்கள் பெண்களில் யாருக்குத்தான் கண்ணில் நீர் வடியவில்லை?

"குடு இப்படி" என்று முள்வாங்கியைப் பிடுங்கிக்கொண்டேன். "தலையை மடியில வை."

"வேணாம்."

"வைன்னா வை. கண்ணைத் தோண்டிக்கப் போறே."

வைத்தாள். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். நாசியெக்குதான் புடுங்கிவிடுவா." நாசியெக்கு அவள் ஒரே மகள், மற்ற ஐந்தும் மந்தையோடு போன பையன்கள். போன வருடம் மணமாகி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "அவ போனப்புறம் நானே பாத்துக்கிட்டேன். இப்ப கண்ணாடியில முடியே தெரிய மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது.

"அந்த மூணு நாளும் கன்னு மாறிடுச்சா உனக்கு?"

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இருட்டுல என் கன்னை உன் கன்னுன்னு அவுத்துவிட்டுட்டே. அது சுட்டிகிட்ட ஓடிச்சு. நீ பின்னாலயே போய்க் கறந்துட்டே. அதானே?"

"வெள்ளை தெரியலடி" என்றாள். "நீ கத்தினப்புறம் நெத்தியைத் தடவித் தடவிப் பாத்தேன். முடி முடிதானே, கைக்கு வெள்ளை தெரியுமா?"

"அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! மோயின்கெட் அத்தான் அத்தனை தடவை கேட்டாரே! திருடின்னு பேரெடுக்கிறது அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

"திருடின்னா ஒரு கிடாயோட போச்சு" என்றாள் நோலாரி. "குருடின்னா? குருடிகிட்ட யாரு மாட்டை விடுவாங்க? நம்ம வீட்டுக்காரரு வந்ததும் ரெண்டையும் உன்கிட்ட குடுத்துடுவாரு. எங்கம்மாவுக்கும் இதேதான். கடைசியில குடிசை வாசல்ல இருந்து ஆட்டுப்பட்டி வரைக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டாங்க. பதினஞ்சு வருஷம் அந்தக் கயித்தைப் புடிச்சுக்கிட்டே நடந்தா. அதைத் தாண்டி உலகத்துல ஒண்ணும் கிடையாது அவளுக்கு."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிடுங்கினேன். எனக்கு அழுகை வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அத்தனையும் என் மேலேயே திரும்பிவிட்டது. 

"இடது கண்ணுல, ஓரமா, இன்னும் ஒண்ணு இருக்கு பாஷே" என்றாள்.

அதையும் எடுத்தேன்.

அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு முறை அவள் குடிசைப் பின்புறம் எங்கள் வேலை அதுதான். விடியற்காலையில் கன்றுகளை நானே பார்த்து அவிழ்த்துவிட்டேன். ஆனால் பிடுங்கப் பிடுங்க முடி கட்டையாக முளைத்தது. முளைக்கிற முடி முன்பைவிட அதிகமாகக் குத்தியது. நான் முடியைத் திட்டுவேன், மழையைத் திட்டுவேன், கடைசியில் அவளையே திட்டுவேன். அவள் சிரிப்பாள். கண்ணீர் வடிய வடியச் சிரிப்பாள்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நாங்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றடியில் நின்று கூவியது. வியாழக்கிழமை ஒல்தெபெசிப் பள்ளிக்கூடத்துக்குக் கண் வைத்தியர்கள் வருகிறார்கள், இமை முடி குத்துகிறவர்கள் வரலாம், காசு கிடையாது என்று. நான் தண்ணீரைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன்.

"போறோம்" என்றேன்.

"நீ போ" என்றாள் நோலாரி. "அவங்க கண்ணுல கத்தி வைப்பாங்க."

"ஆறு புள்ள பெத்தவ நீ. கத்திக்குப் பயமா?"

"புள்ளையைக் கண்ணு வழியாவா பெத்தேன்?"

இரண்டு நாள் இதே வாக்குவாதம். கடைசியில் நான் முள்வாங்கியைத் தூக்கி எறிந்தேன். "இனிமே புடுங்க மாட்டேன். கயிறு வேணும்னா சொல்லு, நானே கட்டிவிடுறேன்" என்றேன். கொடுமையான பேச்சுதான். அவள் முகம் சுருங்கிப்போனது. ஆனால் வியாழக்கிழமை விடிவதற்குள் போர்வையை உதறிக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

மோயின்கெட்டுக்குத் தெரியக்கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. அதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அந்த அபராதக் கிடாதான் கைகொடுத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் மோயின்கெட்.

"ஒல்தெபெசி சந்தைக்கு அத்தான். இந்தக் கிடாயை வித்துட்டு வந்துடுறோம். சாயங்காலம் கறக்கிறதுக்கு வந்துடுவோம்."

"ரெண்டு பேருமா?" அவர் புருவம் மேலே போனது.

"திருடியை நம்பிக் கிடாயைத் தனியா அனுப்ப முடியுமா?" என்றேன். நோலாரி போர்வைக்குள்ளிருந்து என் முதுகைக் கிள்ளினாள்.

நான்கு மணி நேர நடை. சிலான்தோயை முதுகில் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். நோலாரி தலைமேல் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு கையால் என் போர்வை நுனியைப் பிடித்திருந்தாள், மறு கையால் கிடாயின் கயிற்றை. காற்று கிளம்பியதும் புழுதி எங்களைச் சுற்றிச் சுழன்றது. அவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். காற்று ஓயும்வரை நான் அவளுக்கு மறைப்பாக நின்றேன். அப்படி ஏழெட்டு இடத்தில். வறண்ட ஆற்றைக் கடக்கும்போது கிடா மணலில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றது. "பாரு, இதுக்குத் தெரியுது போகக்கூடாதுன்னு" என்று நோலாரியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கிடாயின் வாலைப் பிடித்து முறுக்கினேன். இருவரும் எழுந்தார்கள்.

பள்ளிக்கூடத்து முன்னால் பெண்கள்தான் வரிசையில் இருந்தார்கள். ஆண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. கிடாயோடு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். வைத்தியருக்கு உதவியாக இருந்த செவிலியர் எங்கள் மொழியான மா பேசுகிறவன், சிரோன்கா என்று பெயர்.

"கிடாய்க்கும் கண்ணு வலியாம்மா?" என்று கேட்டான். வரிசையே சிரித்தது. நோலாரியும் சிரித்துவிட்டாள். பயத்தில் பாதி அங்கேயே போயிருக்கும்.

அவன் அவள் இமையைப் புரட்டி, விளக்கடித்துப் பார்த்தான்.

"அம்மா, உங்க கண்ணு இன்னும் சாகல. சின்ன வயசுல இருந்து திரும்பத் திரும்பக் கண்ணுவலி வந்து, இமைக்குள்ள தழும்பாயிருக்கு. தழும்பு சுருங்கி இமையை உள்ள இழுத்துடுச்சு. நாங்க இமையைக் கொஞ்சம் வெட்டி வெளிய திருப்பித் தைப்போம். அப்புறம் முடி குத்தாது."

"வெட்டியா?" நோலாரி எழுந்துவிட்டாள்.

நான் இழுத்து உட்கார வைத்தேன்.

"முதல்ல இவ கண்ணைப் பாரு" என்று என்னைக் காட்டினாள். தப்பிக்கிற வழி தேடினாள், வேறொன்றுமில்லை. "இவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாது. வருஷக்கணக்கா எதிர்க்க இருந்துட்டு."

சிரோன்கா சும்மா பார்ப்பது போலத்தான் என் இமையைப் புரட்டினான். பிறகு விளக்கை அருகே கொண்டுவந்து மறு கண்ணையும் பார்த்தான். முதுகில் இருந்த சிலான்தோயை இறக்கச் சொல்லி அவள் கண்ணையும் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களுக்கும் இருக்கு. புள்ளைக்கும் இருக்கு. இப்பத்தான் ஆரம்பம், மருந்துலயே போயிடும். ஆனா விட்டா இவங்க மாதிரிதான் ஆகும்."

ஒரு நீளக் கோலை நிறுத்தி சிலான்தோயின் உயரத்தை அளந்தார்கள். அந்த உயரத்துக்கு எவ்வளவோ அவ்வளவு இனிப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்கு மாத்திரை. நோலாரி மகளுக்கும் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். தினம் குழந்தையின் முகத்தைக் கழுவு, ஈயை அண்டவிடாதே என்றான் சிரோன்கா.

"தண்ணி எங்க இருக்கு தம்பி? போக வர ரெண்டு மணி நேரம் நடந்து எடுத்துட்டு வரேன்."

"ஒரு கை தண்ணி போதும். டீக்கு வைக்கிறீங்கள்ல, அதுல ஒரு கை குறைச்சுக்கோங்க."

 மாத்திரையை விழுங்கினேன். நோலாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே எழுந்து, "எங்க படுக்கணும்?" என்று கேட்டாள்.

சின்னப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பறைதான் அறுவை அறை. மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள என்னை உள்ளே விட்டார்கள். மருந்து ஊசி இமையில் இறங்கியபோது, "ஐயோ தேளு!" என்று கத்தி என் விரல்களை நசுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு வலி இல்லை. வலி இல்லை என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். சிரோன்கா என்ன குலம், அவன் அம்மா எந்த ஊர், எத்தனை மாடு, கல்யாணம் ஆயிற்றா.

"அம்மா, பேசாதீங்க. இமை ஆடுது."

"ஆச்சா இல்லியா, அதை மட்டும் சொல்லு."

"ஆகல."

"பாஷே, உன் தங்கச்சி ஒருத்தி இருக்காள்ல?"

கத்தி பிடித்திருந்த வைத்தியருக்கு எங்கள் மொழி தெரியாது. இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தார்.

இரண்டு இமையையும் முடித்துக் கண்கள் மேல் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். நாளைக் காலையில்தான் அவிழ்ப்பது என்றார்கள். அதுவரை இங்கேயே இருக்கவேண்டும்.  சாயங்காலம் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். நான்கு பசுவும் கறவைக்குக் கத்தும். சிரோன்காவின் கைபேசியில் மோயின்கெட்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் கைபேசி வழக்கம் போல அணைந்து கிடந்தது. வேறு வழியில்லை. அவர்கள் கொடுத்த உகாலிக் களியையும் கீரையையும் நோலாரிக்கு ஊட்டிவிட்டேன். கட்டுப்போட்ட மற்ற பெண்களோடு வகுப்பறையிலேயே படுத்தோம். கிடாயைப் பள்ளிக்கூடத்து மணி தொங்குகிற கம்பத்தில் கட்டியிருந்தேன். அது மணிக்கயிற்றைத் தின்றுகொண்டிருந்ததாக மறுநாள் வாத்தியார் புகார் சொன்னார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் மோயின்கெட். ஒரு கையில் தடி. மறு கையில் ஈட்டி. கிடாயோடு வந்தவர்களை ஊருக்குள் விசாரித்து வந்திருக்கிறார். இறங்கினதுமே கிடாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ எங்க? அவளை என்ன பண்ணினே?"

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். ராத்திரி பூரா எம் பொண்டாட்டி தூங்க விடல. ஒருத்தி இன்னொருத்தியை அடிச்சு ஆத்து மணல்ல பொதைச்சிருப்பான்னு சொல்லிட்டே இருந்தா. சந்தையே நேத்து இல்லியாமே! சந்தை செவ்வாக்கிழமையாமே!"

அதை நான் யோசிக்கவே இல்லை. 

"இங்க இருக்கேன் அத்தான்" என்றாள் நோலாரி உள்ளேயிருந்து.

அவர் வாசலில் குனிந்து பார்த்தார். கண் இரண்டும் கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஈட்டியைச் சுவரில் சாய்த்தார். அவர் கேட்காமலே நான் எல்லாவற்றையும் சொன்னேன். இமை, முள்வாங்கி, கன்று மாறிப்போனது, நான் கத்தினது. சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

மோயின்கெட் நோலாரி முன்னால் போய்க் குந்தினார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா, அன்னிக்கு நான் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"கறந்தியான்னு கேட்டீங்க. கறந்தேன்னு சொன்னேன். ஏன் கறந்தேன்னு நீங்க கேக்கல."

"சொன்னா மாட்டைப் புடுங்கிடுவோம்னு நெனச்சியா?"

அவள் போர்வை நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். 

"உன் மாட்டை எவன் தொடுவான்? கண்ணு இருந்தாலும் இல்லாட்டியும் அது உன் மாடு. பர்சலோய் அப்படி ஏதாவது பேசினா அவன் அண்ணன் நான் இருக்கேன்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் தப்பாத் தீர்ப்பு சொல்லிட்டேன். கிடா உன்னோடதுதான். செமெயான், உனக்கு ஏதாவது இருக்கா சொல்ல?"

"ஒண்ணும் இல்ல அத்தான்" என்றேன். "கிடாயைக் கூட்டிட்டுப் போனா போதும். அது வழியெல்லாம் படுத்துக்குது."

"உங்க மாட்டை எம் பொண்டாட்டி கறந்துட்டா. பால்ல பாதியை அவளே வெச்சுக்கிட்டா. அதுக்கு வழக்கு வைக்கிறதா இருந்தா வேற ஆளைப் பாருங்க."

சிரோன்கா வந்தான். முதலில் வலது கண். பஞ்சை நனைத்து மெதுவாக எடுத்தான். இமை வீங்கிக் கறுத்திருந்தது. ஓரமாகக் கறுப்பு நூல் தையல் தெரிந்தது. ஆனால் முடிகள் வெளியே நின்றன. எல்லாம் வெளியே. 

"இமைச்சுப் பாருங்க அம்மா."

அவள் பயந்து பயந்து ஒரு முறை இமைத்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். மறுபடி இமைத்தாள். மறுபடி.

"குத்தல" என்றாள்.

"இன்னொரு தடவை."

"குத்தலடா! பாஷே, குத்தல!"

கண்ணீர் வடிந்தது. துடைக்கக் கை போனபோது சிரோன்கா பிடித்துக்கொண்டான். தொடக்கூடாது, வடிந்தால் வடியட்டும் என்றான். இடது கண்ணையும் அவிழ்த்தான். அதில் விழிமேல் பழைய கீறல் ஒன்று விழுந்திருக்கிறது, அந்தக் கண்ணில் மூடுபனி மாதிரிதான் தெரியும், அது போகாது என்று நேராகவே சொன்னான். ஆனால் இனிமேல் இதைவிடக் கெடாது. வலது கண் நன்றாக இருக்கிறது. வீக்கம் வடிந்ததும் தெளியும். பத்து நாளில் வந்து தையல் பிரிக்க வேண்டும். கண்ணில் போட ஒரு களிம்பும் கொடுத்தான்.

நோலாரிக்கு அதில் பாதி காதில் ஏறியிருக்காது. அவள் இமைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள். வாசலில் நின்று வெயிலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மோயின்கெட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தலை இவ்வளவு நரைச்சிருக்கா அத்தான்?"

"உங்க ரெண்டு பேராலதான்" என்றார் அவர்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.  நேற்றிலிருந்து, இல்லை, அந்தப் பின்புறத்தில் அவள் கன்னத்து ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து, எனக்குள் ஏதோ இறுகிக் கிடந்திருக்கிறது. அது அவிழ்ந்தபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. சிலான்தோய் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஏன் சிரிச்சுக்கிட்டே அழறே?" என்று கேட்டாள்.

மோயின்கெட் கிடாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு எங்களோடு நடந்து வந்தார். வெயில் ஏறியபோது வழியில் ஒரு குடைவேல மரத்தடியில் உட்கார்ந்தோம். காற்று வீசியது. புழுதி எழுந்தது. நோலாரி துணியால் முகத்தை லேசாக மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு வருடமாக மூடிய கண்ணுக்குள்ளும் முடி குத்திக்கொண்டே இருந்ததே, எப்படித் தூங்கியிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

நிழல் நகர்ந்தது. மோயின்கெட் தடியை ஊன்றி எழுந்தார்.

"எழுப்பு அவளை. இன்னும் ரெண்டு மணி நேரம் நடக்கணும்."

"உக்காருங்க அத்தான்" என்றேன். "அவளா எழுந்திரிக்கட்டும்."

அவர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு பொடி டப்பியை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் தும்முவதற்காகக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.